கருமான் பேர் என்ன?

எங்கள் தாய்மாமன் ஒரு கத்தியை யோசித்தார். அதை நம்பிச் செய்யக் கொடுக்க ஓர் ஆளைத் தேடி ஒன்றரை வருடம் அலைந்தார். ஒரு கத்திக்கு இவ்வளவு அலைச்சலா என்று அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிற்பாடு வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அது மாமாவின் அலைச்சல் மட்டுமில்லை என்று புரிந்தது.

எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில் இருக்கிறது. முன்பு தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம். 2019-இல் கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் பேர் மாறிக்கொண்டே வந்தது. ஊர் இருக்கிற இடமும் சேரி இருக்கிற இடமும் மாறவில்லை. சுற்றுவட்டாரத்தில் கரும்புதான் பெரிய பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கரும்பு யார் யாருடையதோ, எங்கள் பக்கத்தில் வெட்டப் போகிற கூட்டத்தில் பெரும்பாலும் நம் ஜனங்கள்தான்.

கரும்பு வெட்டுவது என்றால் வெட்டுவது மட்டுமில்லை. அடியோடு வெட்ட வேண்டும், சோகையை உரிக்க வேண்டும், கொண்டையைச் சீவ வேண்டும், கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி டிராக்டரில் ஏற்ற வேண்டும். வெட்டுவதற்குக் கத்தி உண்டு. உரிப்பதற்குக் கைதான். சோகையின் ஓரம் ரம்பம் மாதிரி அறுக்கும். வெட்டுக்காலம் முடிந்து வருகிற அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சோறு பிசைய முடியாமல் அவள் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மாமா யோசித்தது இதுதான். கத்தியின் முதுகில், நுனியை ஒட்டி, ஒரு கொக்கி. வெட்டிய கையோடு கத்தியைத் திருப்பி, கொக்கியின் வாயில் கரும்பைக் கொடுத்து இழுத்தால் சோகை உரிந்து வந்துவிடும். கொக்கியின் வாய் கரும்பின் பருமனுக்கு இருக்க வேண்டும். உள்விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரும்பையே கீறிவிடும். வீசும்போது பக்கத்துக் கரும்பில் மாட்டாத கோணமும் வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன் இதையெல்லாம் பனைமட்டையில் செதுக்கிச் செதுக்கிக் கண்டுபிடித்தார். அந்த மட்டைக்கத்தி இன்னும் எங்கள் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கிறது.

கரும்பு விளைகிற வேறு சில நாடுகளில் முதுகில் கொக்கி வைத்த கத்தி முன்பே புழக்கத்தில் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவிடம் சொன்னேன். "அப்ப நான் சரியாத்தான் யோசிச்சிருக்கேன்" என்றார்.

மட்டையை இரும்பாக்க ஆள் வேண்டுமே. முதலில் போனது பக்கத்து ஊர்ப் பட்டறை. அங்கே மாமாவை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே நின்றபடியே மட்டையைக் காட்டினார். பட்டறைக்காரர் வாங்கிப் பார்க்கவுமில்லை. "இருக்கிற கத்தியில வெட்டத் தெரியாதவனுக்குப் புதுக் கத்தி எதுக்குடா?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவதாக நெடுஞ்சாலை ஓரம் ஒரு வெல்டிங் பட்டறை. அவர் சிரித்த முகமாக மட்டையை வாங்கி, சாக்பீஸால் தகரத்தில் கோடு போட்டு அளவெடுத்துக்கொண்டார். முன்பணமும் வாங்கினார். ஒரு கத்தி செய்து கொடுத்தார். கொக்கியைத் தனியாக அறுத்துப் பற்றவைத்திருந்தார். மூன்றாம் நாள் கரும்பங்கொல்லையில் பற்றவைத்த இடம் விட்டுக் கொக்கி தெறித்து விழுந்தது. மாமா திரும்பப் போய்க் கேட்டதற்கு, "இது நடக்காத வேலை" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வெட்டுக்காலத்தில் அதே பட்டறை வாசலில் அதே கொக்கிக் கத்திகள் ஏழெட்டு தொங்கின.

"அண்ணே, இது என் கத்தியாச்சே" என்று கேட்டிருக்கிறார் மாமா.

"உன் கத்தின்னு பேர் எழுதியிருக்கா?"

எழுதியில்லைதான்.

*

எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருடத்தில் கைவினைஞனைப் பற்றி எனக்குச் சொல்லித்தரப்பட்டது இரண்டு பாடம். ஒன்று, புறநானூற்றில் பொன்முடியார் பாட்டில் வருகிற கொல்லன். அவன் செய்ய வேண்டிய கடமை வருகிறது, அவன் பேர் வரவில்லை. இன்னொன்று, சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன். அவனுக்கும் பேர் இல்லை. ஆனால் நம்பத் தகாதவன் என்றால் இன்றுவரை அவன்தான் எடுத்துக்காட்டு. அவன் ஒருத்தன் பொய் சொன்னான். அதற்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலிகொடுத்தான் என்று காப்பியத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. வகுப்பில் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டோம். ஆயிரம் பேர் என்ன தப்பு செய்தார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை, சொல்லித் தந்தவரும் நிற்கவில்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசனுக்குப் பேர் இருக்கிறது, செத்தவுடன் நீதிமான் என்ற பட்டமும் இருக்கிறது.

'நம்பிக்கையான கைக்காரன் கிடைப்பானா?' என்பது யோசிக்கிறவன் பக்கத்துக் கேள்வி. 'என்னை நம்புகிறவன் எவன்?' என்று கைக்காரன் கேட்ட கேள்விக்கு இலக்கியத்தில் இடமில்லை. வரலாற்றில் தேடிப் பார்ப்போம் என்று தேடினேன். நம் ஆற்காட்டுச் சீமையிலேயே இரண்டு கதை கிடைத்தது.

*

முதலாவது, ஆற்காட்டுக்காரர் ஒருவரின் கதை.

1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி நிலத்தில் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாகக் கோத்து இமயமலை வரைக்கும் நீண்ட பெரிய அளவைப் பணி அது. அதன் உயிர்நாடி தியோடலைட் என்கிற கோணம் அளக்கும் கருவி. லண்டனில் செய்தது. அரை டன் எடை. வட்டத்தின் விட்டம் மட்டும் 36 அங்குலம். 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் அதைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், பிரித்துப் போட்டு, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஆறு வாரத்தில் சரிசெய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே படைத்தளவாடச் சாலையின் கைவினைஞர் இருந்தார் என்பதும் அந்தக் கதையில் உண்டு. 'கைவினைஞர்', அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஊரிலேயே நம்பத்தகுந்த ஒரு கை வேண்டும் என்பது பின்னால் வந்த அதிகாரிகளுக்குப் புரிந்தது. சர்வேயர் ஜெனரலாக வந்த வாலன்டைன் பிளாக்கர், சென்னையில் நகை வேலையும் கடிகார வேலையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். அவர் பேர் சையத் மீர் மொசின் உசேன். சொந்த ஊர் ஆற்காடு. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கருவியைப் பிரித்தால் எந்தத் திருகு எதற்கு என்று கைக்குத் தெரியும்.

கோணக் கருவியில் உயிரான வேலை வட்டத்தைப் பங்கிடுவது. ஒரு பித்தளை வட்டத்தை 360 பாகையாக்கி, ஒவ்வொரு பாகையையும் மேலும் நுணுக்கமாகக் கோடு கிழிக்க வேண்டும். ஒரு கோடு முடி அளவு தள்ளிப்போனால், அந்தக் கருவி பார்க்கிற அத்தனை மலையும் தள்ளிப்போகும். ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் சர்வேயர் ஜெனரலாக வந்தபோது, இந்த வேலைகளுக்கென்று இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவிக் கலைஞரைக் கூடவே அழைத்து வந்தார். பாரோ கெட்டிக்காரர்தான். எவரெஸ்டுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1839-இல் பாரோ போய்விட்டார். அதற்குப் பிறகு லண்டனிலிருந்து வந்த கருவிகளில் கோளாறு என்றால் எவரெஸ்ட் நம்பிக் கொடுத்தது மொசின் உசேன் கையில்தான். அந்த இடத்துக்கு இவர்தான் தகுதி என்று எவரெஸ்ட் வாதாடினார். பதவி 1843-இல் கிடைத்தது.

பாரோ போனது 1839. பதவி வந்தது 1843. இடையில் இருக்கிற நாலு வருடத்தைப் பாருங்கள். வேலைக்கு நம்பினார்கள், பட்டத்துக்கு நம்பவில்லை. கைக்கு வேலை தெரியும் என்பது போதவில்லை, வாய்க்கு ஆங்கிலம் தெரிய வேண்டியிருந்தது. 1865-இல் உலகத்தின் உயரமான மலைக்கு எவரெஸ்ட் பேரை வைத்தார்கள். ஆற்காட்டு மொசின் உசேன் பேரில் ஆற்காட்டில் ஒரு தெரு இருக்கிறதா என்று நான் விசாரித்தேன். விசாரித்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எவரெஸ்ட் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. கருப்பன் வெள்ளையன் பேதம் அவர் காலத்தின் காற்று. ஆனாலும் வேலை என்று வந்தபோது அவர் கையைப் பார்த்தார். நம் ஊர்ப் பட்டறையில் மாமா நீட்டிய மட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் மாமா எந்தத் தெரு என்பதைப் பார்த்தார்கள்.

*

இரண்டாவது கதை பரங்கிப்பேட்டையில் நடந்தது. அதுவும் பழைய தென்னாற்காடுதான்.

சேலத்துப் பக்கத்து இரும்பைப் பார்த்து மயங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி, வேலையை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துத் தாது, நம் காடுகளின் மரக்கரி. நாட்டு உலைக்காரர்கள் எஃகு செய்யும் முறையையும் அவர் கூடவே நின்று பார்த்து எழுதினார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்க இலையால் மூடி, களிமண் மூசையில் அடைத்து, துருத்தி வைத்துச் சில மணி நேரம் ஊதுவார்கள். மூசையை உடைத்தால் உள்ளே எஃகு உருண்டை. வெள்ளைக்காரன் 'வூட்ஸ்' என்று பேர் வைத்து உலகமெல்லாம் பேசிய எஃகு இதுதான். எஃகைப் பற்றி ஹீத் கண்ணால் கற்றதில் ஒரு பங்கு இந்த உலைகளின் முன்னால் கற்றது. ஹீத்தின் பேர் நமக்குத் தெரியும். அவருக்குக் காட்டிக்கொடுத்த உலைக்காரர்களின் பேர் தெரியாது.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839-இல் ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு பொருளை மூசையில் எஃகோடு சேர்த்தால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும், இரும்போடு நன்றாக ஒட்டவும் செய்யும். ஷெஃபீல்டு நகரில் இதை விற்கவும் உலைகளில் செய்துகாட்டவும் ஒரு முகவரை வைத்தார். பேர் அன்வின். முதலாளியின் ரகசியம் முழுக்கத் தெரிந்த ஆள். ஹீத் சொன்ன பொருளைத் தனியாகச் செய்து சேர்ப்பதற்குப் பதில், மாங்கனீசு ஆக்சைடையும் கீலையும் நேராக மூசையில் போட்டாலே உள்ளுக்குள் அதே பொருள் உண்டாகிவிடும், செலவும் குறைவு. காப்புரிமைப் பத்திரத்தில் அந்த வழி எழுதியில்லை. அன்வின் தனியாகத் தொழில் நடத்தினார். ஷெஃபீல்டு முழுக்க அதைச் செய்தது. ஹீத்துக்குக் காசு வரவில்லை. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, பிரபுக்கள் சபை 1855-இல் ஹீத் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது ஹீத் உயிரோடு இல்லை. நொடித்துச் செத்திருந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும், காட்டைக் கரியாக்கித் தீர்த்துவிட்டு, 1860-களில் மூடிப்போனது.

"உன் கத்தின்னு பேர் எழுதியிருக்கா?" என்று வெல்டிங் பட்டறைக்காரர் கேட்டதும் பிரபுக்கள் சபை கேட்டதும் ஒரே கேள்விதான். ஹீத்திடம் பத்திரமாவது இருந்தது, வழக்குப் போட வக்கீல் இருந்தார். மாமாவிடம் பனைமட்டை இருந்தது. ஹீத் தன் கண்ணீரை உலகுக்குச் சொல்ல ஆள் இருந்தது, ஆவாரங்குச்சி ரகசியத்தை அவருக்குச் சொன்னவர்களுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. ஏமாந்தவர் என்று அவருக்காக இரங்கும்போது, அவர் எடுத்துக்கொண்டதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

*

யோசிக்கிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம்? வங்காளத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், இந்து வேதியியலின் வரலாற்றை 1902-லும் 1909-லும் இரண்டு தொகுதியாக எழுதியபோது இதற்கு நேரடியாகப் பதில் சொன்னார். சாதி இறுகியபோது மூளை உள்ளதாகச் சொல்லிக்கொண்டவர்கள் கைவேலையை விட்டு ஒதுங்கினார்கள், கைவேலை செய்தவர்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டது, அத்தோடு இங்கே விஞ்ஞானம் செத்தது என்றார். 1936-இல் அண்ணல் அம்பேத்கர் இன்னும் கூர்மையாகச் சொன்னார். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பவர்களையே ஒருவரை ஒருவர் தொடாதபடி அடுக்கி வைப்பது.

இந்த அடுக்கில் கருமான் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்தால்தான் முதல் பட்டறையில் நடந்தது விளங்கும். கம்மாளர்களும் மிதிபட்டவர்கள்தான். கொங்குப் பகுதிக் கம்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குக் காரை பூசலாம் என்று அரசன் அனுமதி கொடுத்ததைக் கரூர்க் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அனுமதி கொடுத்தான் என்றால் அதுவரை இல்லை என்று அர்த்தம். கோயிலைக் கட்டியவனுக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூச உரிமையில்லை. தங்கள் வீட்டுச் சடங்கைத் தாங்களே வேதமுறைப்படி செய்யலாமா என்று சித்தூர் நீதிமன்றத்தில் வழக்காடி 1818-இல் ஜெயித்தவர்களும் அவர்கள்தான். அதே கம்மாளர் இடங்கை, நம்மவர் வலங்கை என்று பிரித்து நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொள்ள வைத்தார்கள். மேலே இருக்கிறவன் தன்னை மிதிக்கிறான் என்று கம்மாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். கீழே இருக்கிறவன் கொடுவாளைத் தீட்டக் கொண்டுபோனால் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். குறடால் எடுத்து நெருப்பில் வைப்பார்கள். இதை எந்தக் கல்வெட்டிலும் நான் படிக்கவில்லை. எங்கள் அம்மா சின்ன வயதில் புளியமரத்தடியில் நின்று பார்த்தது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில், பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் ஒரு செயற்கைக் கால் செய்தார்கள். சம்மணம் போட்டு உட்காரலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். 1981-இல் மகசேசே விருது டாக்டருக்கு வந்தது. டாக்டர் தகுதியானவர்தான். ஆனால் அந்தக் காலை முதலில் உருட்டிய கை எது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

*

மாமாவின் கத்திக்கு வருகிறேன்.

மூன்றாவது ஆள் கல்வராயன் மலை அடிவாரத்தில் கிடைத்தார். கச்சிராயபாளையம் ஆலைப் பக்கம் வெட்டப் போயிருந்தபோது, மலைக்காரர்களுக்குக் கொத்தும் கோடாலியும் அடித்துக் கொடுக்கிற ஒரு வயசான கருமான் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமா போய், பழக்கதோஷத்தில் வெளியே நின்றார். "வெயில்ல ஏன் நிக்கிற, உள்ள வா" என்றாராம். மட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஓர் ஆலைக் கரும்பைக் கொண்டுவரச் சொல்லி அதில் மட்டையை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"இது ஒட்டுற வேலை இல்ல. ஒரே இரும்புல அடிக்கணும். கையாளு இல்ல எனக்கு. நீ துருத்தி போடுவியா?"

மாமா துருத்தி போட்டார். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒரு பட்டறையின் உள்ளே உட்கார்ந்து. லாரியின் ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, முதுகுப் பக்கத்தில் பிளந்து, பிளந்த பாகத்தை வளைத்துக் கொக்கி ஆக்கினார் கருமான். வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்ச்சல் போட்டார். கத்தி முழுக்கத் தோய்த்தால் கொக்கியும் விறைத்துப்போய் ஒடிந்துவிடும், முதுகு பசையாக இருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார். வெல்டிங் பட்டறையில் தெறித்து விழுந்த கொக்கிக்கு அன்றைக்குத்தான் மாமாவுக்கு விளக்கம் கிடைத்தது. காசு கேட்டதற்கு, "ஓடுதா பாரு, அப்பறம் குடு" என்றார். கோணம் சரியில்லை என்று மாமா இரண்டு தடவை திரும்பப் போனார். இரண்டு தடவையும் முகம் சுளிக்காமல் மறுபடி உலையில் வைத்தார்.

மாமா எப்போது சொன்னாலும் குரல் தழுதழுக்கிற இடம் ஒன்று உண்டு. அடுத்த வருடம் வேறு வெட்டுக் கூட்டத்து ஆள் ஒருவர் மாமாவின் கத்தியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று அந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறார். கருமான் உடனே அடிக்கவில்லை. மாமா வந்தபோது கேட்டிருக்கிறார்: "உன் கத்தியை இன்னொருத்தன் கேக்குறான். அடிக்கட்டுமா?"

வாழ்நாளில் தன்னிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவர்தான் என்பார் மாமா. "அடிங்க, எல்லாருக்கும் அடிங்க, நம்ம பொம்பளைங்க கையி அறுபடாம இருந்தா செரி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது மாமாவிடம் கேட்டேன்: "கருமான் பேர் என்ன?"

மாமா யோசித்தார். "கருமான்தான். பேரு கேக்கலியே."

எனக்குச் சுருக்கென்றது. லாம்ப்டன் கதையில் கைவினைஞன் பேர் இல்லை, பொன்முடியார் பாட்டில் கொல்லன் பேர் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதையிலும் பேர் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் குடோன். கருமான் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகன் இருந்தார், வேறு வேலை பார்க்கிறார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அப்பாவின் பேரைச் சொன்னார். பேரோடு எழுதப் போகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன். அந்தக் கருமானிடம் கற்றுக்கொண்டதுதான், அனுமதி கேட்கிற பழக்கம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தப்பா நெனக்காதீங்க. பேரு வேணாம். காலனி ஆளை உள்ள உக்கார வச்சித் துருத்தி போட வுட்டாருன்னு அப்பவே எங்க பங்காளிங்க பேசினாங்க. இப்ப எனக்குப் பொண்ணு கல்யாணம் வருது."

அதனால் எழுதவில்லை. பேரை மாமாவிடம் மட்டும் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.